கால் தரையில் இருக்கும்போதே

(பத்தாம் வகுப்பு மாணவி)

பறக்க வேண்டும் என்று ஒரு முறையாவது ஆசைப்படாத பெண் நம் பள்ளியில் இருப்பாளா? சிறு வயதில் மொட்டை மாடியில் பாவாடையைக் குடையாக விரித்துச் சுற்றாதவர் யார்? ஆடிக் காற்றில் கொடியில் காயும் அம்மாவின் சேலை பிடியை விட்டுப் பக்கத்துத் தோப்பு வரை போய்விடும். அதை எடுக்க ஓடும்போதே, "சேலை போன வழியில் நம்மால் போக முடியவில்லையே!" என்று சொல்லிச் சிரிப்போம். அப்படிப்பட்ட நான்கு சேலைகளின் அளவுள்ள துணியை நூலில் கட்டி, முதுகில் ஒரு விசிறியைச் சுமந்துகொண்டு மனிதன் பறப்பதை இந்த ஆண்டு நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஆனால் பறந்ததைவிட, பறப்பதற்கு முன் நடந்ததைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப் போகிறோம். ஏனெனில் எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது அதுதான்.

அந்தக் கருவிக்குப் பாராமோட்டார் என்று பெயர். அதன் இறக்கையில் கம்பியும் இல்லை, மூங்கிலும் இல்லை. முழுவதும் நைலான் துணிதான். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே வரிசையாகப் பல அறைகள் தைத்திருப்பார்கள். முன் விளிம்பில் அந்த அறைகளின் வாய் திறந்திருக்கும். காற்று உள்ளே புகுந்ததும், தலையணை உறைக்குள் காற்றை அடைத்ததைப் போல அது உப்பி, பறவையின் இறக்கை வடிவத்தை அடைகிறது. இறக்கையிலிருந்து மெல்லிய, ஆனால் மிக உறுதியான நூல்கள் இறங்கி, பறப்பவரின் இடுப்பையும் தொடையையும் சுற்றிய வார்களில் வந்து சேர்கின்றன. முதுகில் பெட்ரோல் என்ஜினும், கூண்டுக்குள் சுழலும் விசிறியும் இருக்கும். இந்தச் சுமை மட்டும் சுமார் 25 முதல் 30 கிலோ. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

என்ஜின் இல்லாத பாராகிளைடர் இதற்கு மூத்த சகோதரி. 1978-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில், ஆல்ப்ஸ் மலையிலுள்ள மியூஸி என்ற ஊரில் மூன்று பேர் பாராசூட்டை விரித்துக்கொண்டு மலைச் சரிவில் ஓடிப் பறந்து காட்டினர். விமானத்திலிருந்து குதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று உலகம் அறிந்துகொண்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாம் சுற்றுலா செல்லும் ஏலகிரி மலையிலும் பாராகிளைடிங் நடந்திருக்கிறது. அதற்கு மலை வேண்டும். முதுகில் என்ஜின் இருந்தாலோ சமவெளியிலிருந்தே எழும்பலாம்.

நம் வேலூர்ப் பகுதியில் இராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர்கள் குறைவு. கம்மவான்பேட்டையை 'இராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் தாய்மாமாவும் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்தான். பணியில் இருந்தபோது பாராமோட்டார் ஓட்டக் கற்றவர். நமது படைகளில் இது சாகச விளையாட்டாகவே பயிற்றுவிக்கப்படுகிறது. 2014-இல் விமானப்படைக் குழு ஒன்று 'பிரதட்சிணா' என்ற பெயரில் பாராமோட்டாரிலேயே 10,000 கிலோமீட்டருக்கு மேல் நாட்டைச் சுற்றி வந்தது. தோழியின் மாமா ஊருக்கு வந்திருப்பதை அறிந்ததும், எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் மன்றாடி அனுமதி பெற்றோம். ஐப்பசி மாதத்தில் மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, பொழுது புலரும் முன்பே ஆம்பூருக்கு அப்பால், பாலாற்றின் அக்கரையில் தரிசாகக் கிடந்த ஒரு மேட்டு நிலத்தில் போய் நின்றோம்.

நிலத்துக்காரரிடம் சம்மதம் பெற்று, காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார் மாமா. "வானம் எல்லாருக்கும் பொதுதானே மாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "பொதுதாம்மா. ஆனா பொது வழியில போறப்பவும் இடம் வலம் பார்த்துத்தானே போறோம்? அரக்கோணத்துல கடற்படை விமானத் தளம் இருக்கு. வேலூர்ப் பக்கம் அப்துல்லாபுரத்துல விமான நிலையம் இருக்கு. கேக்காம ஏறக் கூடாது" என்றார். பிறகு நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். எதிரே தென்னந்தோப்பு எவ்வளவு தூரம், மின்கம்பி எந்தப் பக்கம், இரயில் பாதை எங்கே, நடுவில் என்ஜின் நின்றுவிட்டால் இறங்க எந்த வயல் காலியாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்தார். "பாலாற்று மணல் இன்னும் அகலமாக இருக்கிறதே, அங்கிருந்து ஓடலாமே!" என்றோம். "மணல்ல கால் புதையும். முதுகுல சுமையோட எப்படி ஓடறது?" என்று சிரித்தார்.

ஒரு கம்பில் சிவப்பு நாடாவைக் கட்டி நட்டார். கையடக்கமான காற்றுமானியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மணிக்கு 8 கி.மீ. என்று காட்டியது. சிறிது நேரத்தில் 19. பிறகு 11. பிறகு 22! நாடாவும் ஒரு திசையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் திரும்பியது. கிழக்கே தொலைவில் கருமேகம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழிந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் இறக்கையை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த இளைஞர்களுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், பயமா? இத்தினி பொண்ணுங்க வந்திருக்காங்க, ஒரு ரவுண்டாவது போங்க சார்!" என்று குரல் கொடுத்தனர். மாமா கோபிக்கவில்லை. "காத்து சரியில்ல தம்பி. நிலம் எங்கயும் போயிடாது. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையின் வாரை இழுத்துக் கட்டினார். எங்களுக்கோ ஏமாற்றம் தாங்கவில்லை. திரும்பும் வழியில் வேனில் ஒருவரும் பேசவில்லை. ஆம்பூர் எல்லைக்குள் நுழையும்போது சடசடவென்று மழை கொட்டியது. அப்போதுதான் அருட்சகோதரி மெதுவாகக் கேட்டார்: "இந்நேரம் அவர் மேலே இருந்திருந்தால்?"

பெருமழை வருவதற்குச் சற்று முன் சில்லென்று ஒரு காற்று வீசுமே, அதை நாம் எல்லோரும் அறிவோம். மழை மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி, மேகத்துக்கு முன்னால் பரவி ஓடி வருவதே அது. தரையில் நிற்பவருக்கு அது சுகம். துணி இறக்கையில் தொங்குபவருக்கு அது எமன். மேகத்தின் வேறொரு பகுதியில் காற்று கீழிருந்து மேலே உறிஞ்சப்படுகிறது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவில் மனிலா என்ற ஊருக்கு அருகே, என்ஜின் இல்லாத பாராகிளைடரில் பயிற்சிக்காகப் பறந்த எவா விஸ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் ஒன்று இழுத்துக்கொண்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். அவர் கொண்டுபோகப்பட்ட உயரமோ 9,946 மீட்டர்! உடலெல்லாம் பனி உறைய, நினைவிழந்து, பிறகு நினைவு திரும்பி அவர் உயிருடன் தரையிறங்கியது பெரும் வியப்பு. அதே நாளில் அங்கே பறந்த சீன வீரர் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. இருவரும் கைதேர்ந்தவர்களே. மேலே போன பிறகு மேகத்தோடு வாதாட முடியாது. கால் தரையில் இருக்கும்போது மட்டுமே மனிதனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதன்று என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று. எங்கள் வகுப்பில் பலரது வீட்டில் யாராவது ஒருவர் தோல் பதனிடும் இடத்திலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறார்கள். தோழி ஒருத்தியின் அம்மா செக்கிங் பிரிவில் இருக்கிறார். மாமா பறக்காமல் திரும்பிய கதையைக் கேட்டதும் அவர் சொன்னார்: "சரியாத்தானே செஞ்சிருக்கார்! கட்டிங்ல ஒரு தோல் பழுதா இருந்தா அங்கயே ஒதுக்கணும். பாவம்னு விட்டா, ஸ்டிச்சிங்ல மறைஞ்சிடும். லாஸ்டிங்ல அச்சு மேல இழுக்கும்போது கிழிஞ்சிடும். அதுக்குள்ள எத்தனை பேர் உழைப்பு வீணாப் போயிருக்கும்!" ஷூவானால் ஒரு ஜோடி போகும், வானமானால் உயிரே போகும். ஆம்பூரின் அன்னையர் நாள்தோறும் செய்யும் வேலையைத்தான் அந்த மாமாவும் செய்தார்.

தை பிறந்தது, வழியும் பிறந்தது. பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை மறுபடியும் அதே நிலம். மெல்லிய பனி. நாடா ஒரே திசையில், ஒரே சீராக ஆடிற்று. காற்றுமானி 9, 10, 9 என்றது. வெயில் ஏறி நம் ஊர்ப் பாறைக் குன்றுகள் சூடாகிவிட்டால் அவற்றின் மேலிருந்து வெப்பக் காற்று குமிழ் குமிழாக எழும்பும். ஆகவே பழகுபவர்களுக்கு அதிகாலையும் மாலை வேளையுமே ஏற்றவை என்றார் மாமா.

முதலில் தலைக்கவசம். இறக்கையைத் தொடுவதற்கும் முன்னால் அதை அணிந்து தாடை வாரை மாட்டினார். பிறகு என்ஜினைச் சுமந்து, தொடை வார் வலது, தொடை வார் இடது, மார்பு வார் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பூட்டினார். தொடை வாரை மறந்து எழும்பினால் ஆள் வாரிலிருந்து வழுவி விழ நேரிடும். இறக்கையை மாட்டும் கொக்கிகள் பூட்டியாயிற்றா, ஆபத்துக்கான சிறு பாராசூட்டின் ஊசி சரியாக இருக்கிறதா, பெட்ரோல் மூடி இறுகியிருக்கிறதா, விசிறியில் விரிசல் உண்டா என்று பார்த்தார். அவர் பார்த்து முடித்ததை உடன் வந்த நண்பர் முதலிலிருந்து மறுபடி பார்த்தார். "ஒருமுறை பார்த்தாயிற்றே?" என்றோம். "நான் பார்த்தது பழக்கத்துல. அவர் பார்க்கிறது சந்தேகத்துல" என்றார் மாமா. இந்த வாக்கியத்தைத் தேர்வுத் தாளைத் திருப்பிப் பார்க்கும் நேரத்துக்காக நாங்கள் எழுதி வைத்துக்கொண்டோம்!

எங்களுக்கும் கட்டளைகள் இருந்தன. விசிறிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது. துப்பட்டாவை இறுகச் செருக வேண்டும். பின்னலை முன்னால் விட வேண்டாம். வானில் பறக்கும்போதல்ல, தரையில் என்ஜினைக் கிளப்பும்போதே விசிறியில் கை சிக்கிக் காயமடைந்தவர்கள் உண்டாம். என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றினார். உடனே நிறுத்தியும் பார்த்தார். "கிளம்புதான்னு பார்க்கிறதைவிட நிக்குதான்னு பார்க்கணும்" என்றார்.

இறக்கையைக் காற்றின் திசைக்கு நேராகப் பிறை வடிவில் விரித்தார்கள். நூல்களில் சிக்கு இல்லை என்று விரலால் பிரித்துப் பார்த்தார்கள். காற்றை எதிர்த்து ஓடுவது ஏன் என்று அருட்சகோதரி அங்கேயே எங்களுக்குக் கணக்குப் போட வைத்தார். இறக்கை ஆளைத் தூக்க மணிக்கு 25 கி.மீ. காற்றோட்டம் வேண்டும் என்று கொள்வோம். எதிரிலிருந்து 10 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் 15 கி.மீ. வேகத்தில் ஓடினால் போதும். அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் 35 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். 2009-இல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தாரே, அவருடைய சராசரி வேகமே மணிக்குச் சுமார் 37 கி.மீ.தான். அவர் முதுகில் என்ஜினும் இல்லை! எதிர்க்காற்று பகை என்று எண்ணியிருந்தோம். பறப்பவருக்கு அதுவே துணை.

மாமா ஓடினார். இறக்கை எழுந்தது. ஆனால் இடப்பக்கம் சற்றுப் பின்தங்கிக் கோணலாக நின்றது. பத்தடி கூட ஓடியிருக்க மாட்டார். என்ஜினை நிறுத்தி, இறக்கையைத் தரையில் விழவிட்டார். "ஐயோ!" என்றோம். அவரோ அமைதியாகத் திரும்பி நடந்து வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து விரித்தார். ரைட் சகோதரர்களும் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று முதலில் முயன்றபோது விமானம் எழும்பிய வேகத்திலேயே விழுந்து பழுதாயிற்று. அதைச் செப்பனிட்டு, 17-ஆம் தேதி எதிர்க்காற்றில் மறுபடி முயன்றபோதுதான் 12 விநாடியில் 120 அடி பறந்து உலக வரலாற்றில் இடம்பெற்றனர்.

இரண்டாம் முறை இறக்கை நேராகத் தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். சரி என்று கண்ட பிறகே என்ஜினுக்கு முழு வேகம் கொடுத்தார். அவர் குதிக்கவில்லை என்பதைக் கவனித்தோம். குதித்தால் இறக்கையின் மேலுள்ள இழுவிசை ஒரு நொடி தளர்ந்து, ஆள் மீண்டும் தரையில் மோதக்கூடும். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். கால் தரையை விட்ட பிறகும் இரண்டு எட்டு காற்றில் வைத்தார்! அவசரமாக இருக்கையில் உட்காரவும் இல்லை, திரும்பவும் இல்லை. நேராக ஏறித் தென்னை உயரத்தைக் கடந்த பிறகே மெல்ல வளைந்தார். பாலாற்றின் மணலும் தோல் தொழிற்சாலைகளின் கூரைகளும் அவர் காலடியில் சிறுத்திருக்கும். நாங்கள் கைதட்டவும் மறந்து நின்றோம்.

அவர் இறங்கி வந்ததும் தோழி ஒருத்தி கேட்டாள்: "மாமா, பெண்கள் இதை ஓட்டலாமா?" சாஷா டெஞ்ச் என்ற பெண்ணைப் பற்றி அவர் சொன்னார். 2016-ஆம் ஆண்டு, வலசை போகும் அன்னப் பறவைகளின் வழியை ஆராய்வதற்காக, இரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து இங்கிலாந்து வரை சுமார் 7,000 கி.மீ. தூரத்தைப் பாராமோட்டாரில் கடந்தவர் அவர். அந்தப் பயணத்தில் இங்கிலீஷ் கால்வாயைப் பாராமோட்டாரில் தாண்டிய முதல் பெண்ணும் ஆனார். 2021-இல் ஸ்காட்லாந்தில் நேர்ந்த விபத்தில் அவர் படுகாயமுற்றார். உடன் பறந்த நண்பர் உயிர் இழந்தார். இதையும் மாமா மறைக்காமல் சொன்னார். "நல்லதை மட்டும் சொல்லி ஆசை காட்டறது தப்பும்மா" என்றார்.

அன்று மாலை எங்கள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இந்தத் தேர்வு முடிந்ததும் நாங்கள் ஒவ்வொருவரும் ஓடத் தொடங்கப் போகிறோம். எங்களில் ஒருத்தியை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. வேறொருத்திக்கு வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க ஆசை. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் அது. அந்தச் சொல்லை நாங்கள் வெறுத்ததுண்டு. ஆனால் ஐப்பசியில் மாமாவும் அதே சொல்லைத்தானே சொன்னார்? அவர் மேல் எங்களுக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன்?

எண்ணிப் பார்த்தபோது வேற்றுமை புரிந்தது. மாமா காற்றை அளந்துவிட்டு 'வேண்டாம்' என்றார். நாடாவைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் சொன்னது 'இன்று வேண்டாம்' என்பதே. 'என்றும் வேண்டாம்' அன்று. தையில் காற்று நன்றாக இருந்தபோது, ஐப்பசியின் பயத்தைக் காரணம் காட்டி அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அளக்காமல் சொல்லும் 'வேண்டாம்', அளக்காமல் ஓடும் ஓட்டத்தைப் போலவே குருட்டுத்தனமானது.

ஆகவே தோழியரே, நமக்கு முதலில் ஒரு சொல். நம் வார்களை நாமே பூட்டிப் பார்ப்போம். போகவிருக்கும் இடம் எது, செலவு எவ்வளவு, துணை யார், வழியில் தடங்கினால் இறங்க வயல் எது என்று விசாரித்து வைப்போம். இறக்கை கோணலாக எழுந்தால் வெட்கப்படாமல் நிறுத்திவிட்டு மறுபடி விரிப்போம். பதறாத காரியம் சிதறாது.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் மேலுள்ள அன்பினாலேயே சொல்கிறீர்கள் என்பதையும் அறிவோம். ஆனால் சொல்வதற்கு முன் எங்களோடு வந்து ஒரு முறை அந்தக் காற்றை அளந்து பாருங்கள். அந்தப் பள்ளியை, அந்த விடுதியை, அந்தப் படிப்பை நேரில் பாருங்கள். எங்கள் வார்களை நாங்கள் பூட்டியது பழக்கத்தாலா என்று சந்தேகத்தோடு மறுபடி இழுத்துப் பாருங்கள். காற்று சரியில்லை என்றால் சொல்லுங்கள். நாங்கள் மடித்து வைத்துக் காத்திருப்போம். சரியாக இருந்தால், விசிறிக்குப் பின்னால் நிற்காமல் சற்று விலகி நின்று, எங்களை ஓட விடுங்கள்.